வாயை மூடாத குழாய்

"அதை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் வாசிக்கவே இல்லம்மா. நல்லாப் பாரு, ரெண்டு கையும் மேல இருக்கு. ரெண்டு காலும் மேல இருக்கு."

உண்மைதான். ஆர்கனுக்கு முன்னாலிருந்த பலகையில் அவர் கைகால் நான்கையும் தூக்கிக்கொண்டு, குளிக்க மறுக்கும் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஆர்கன் 'ங்ங்ங்ங்ங்' என்று உறுமிக்கொண்டே இருந்தது. வயலினும் கையுமாக நின்ற மனைவி, உறுமல் அவர் வயிற்றிலிருந்து வருவது போல அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஊரில் அவருக்குப் பெடல் என்று பெயர். ஆர்கனில் கைக்கு மட்டுமல்ல, காலுக்கும் கட்டைகள் உண்டு. மிதித்து மிதித்துப் பழகி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் மனுஷனுக்குக் கால் ஓடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். கல்யாணமான புதிதில் கட்டிலின் நடுவே தலையணை வைத்த மனைவி, இன்றுவரை அதை எடுக்கவில்லை.

கோளாறு இதுதான். ஆர்கனுக்குக் காற்றை ஊதித் தள்ள ஒரு மோட்டார் உண்டு. ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு தோல் மூடி அந்தக் காற்றை மறித்துக்கொண்டிருக்கும். கட்டையை மிதித்தால் மூடி திறக்கும், காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். இருப்பதிலேயே பெரிய குழாயின் மூடி, திறந்தது திறந்தபடி சிக்கிக்கொண்டுவிட்டது. மோட்டாரை அணைத்தால் உறுமல் நிற்கும், கூடவே ஆர்கனும் நிற்கும். மோட்டாரைப் போட்டால் மறுபடி 'ங்ங்ங்'. மாலைக் காட்சிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

அது சாதாரணக் காட்சியும் இல்லை. தொலைந்தே போச்சு என்று எல்லோரும் கைகழுவியிருந்த ஒரு மௌனப் படம், மூடிப்போன குடை கம்பெனியின் பரணில், துருப்பிடித்த டப்பாக்களில் கிடைத்திருந்தது. பேசாத படம் என்பதால் திரைக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பெடல் ஆர்கன், மனைவி வயலின், மனைவியின் தம்பி டிரம். நாலாவதாக ஒரு டிரம்பெட்காரர். அவர் பகலில் பல் டாக்டர்.

"ஒரு தட்டு தட்டிப் பாருங்க மாமா" என்றான் மச்சான். டிவி ரிமோட் முதல் ஸ்கூட்டர் வரை அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"உன் தலையில தட்டறேன் மாப்ள. சும்மா இரு."

அந்த நேரம் பார்த்து ஹால் மேனேஜர் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தச்சர் யாரையும் பார்க்கவில்லை. நேராக ஆர்கனிடம் போனார், டேப்பை நீட்டி அளந்தார், அதன் விலாவில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

"என்ன சார் இது? இன்னும் உயிரே போகல, அதுக்குள்ள அளவெடுக்கறீங்க?" என்றார் பெடல்.

"கோடுதானே சார். ஈரத்துணியில துடைச்சாப் போயிடும்." மேனேஜர் உறுமலைக் காது கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "ரிப்பேரா? அடடா."

மேனேஜருக்கு ஆர்கன் இருக்கும் இடத்தில் ஐஸ்கிரீம் கவுன்டர் வைக்க வேண்டும். ஒரு வருஷமாக அதே கனவு. ட்ரஸ்டிகள்தான், ஜனங்களைக் கேட்காமல் ஆர்கனில் கை வைக்கக் கூடாது என்று முட்டுக்கட்டை போட்டிருந்தார்கள்.

"அதனால ஜனங்களையே கேக்கப்போறேன்" என்றார் மேனேஜர். "இன்னிக்குப் படம் முடிஞ்சதும் ஓட்டெடுப்பு. ஆர்கன் இருக்கணுமா, வேண்டாமா? வேண்டாம்னா, காலையில தச்சர் ரம்பத்தோட வந்துடுவாரு."

"யாரு வர்றாங்க பார்க்க?"

"ஒரு சங்கம். மொத்த ஹாலும் அவங்கதான். நானே வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன்." மேனேஜர் நெஞ்சில் கை வைத்தார். "இந்த விஷயத்துல அவங்களைவிடப் பாரபட்சமில்லாத ஆளுங்க உலகத்துலேயே கிடைக்க மாட்டாங்க சார்."

சங்கம் என்றால் பெடலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், இசை ரசிகர் சங்கம். ஒரு சுரம் முடியளவு பிசகினாலும் 'உச்' கொட்டி, பக்கத்து ஆளிடம் குனிந்து, அந்தச் சுரத்தின் பூர்வோத்திரத்தையே சொல்லிவிடும் கூட்டம். அவர்கள் முன்னால் இந்த 'ங்ங்ங்' என்றால் மானம் கப்பலேறிவிடும்.

ஆர்கன் போனால் அடுத்து என்ன என்பதும் முடிவாகிவிட்ட விஷயம். மாமனாரின் மெத்தைக் கடை. அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மருமகனுக்காகவே காலியாகக் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் மெத்தையில் படுத்துப் பார்ப்பார்கள், புரண்டு பார்ப்பார்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போவார்கள். அதை வாழ்நாள் பூராவும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெடலுக்கு ஆர்கன் என்றால் உயிர். மெத்தை என்றால் தூக்கம்கூட வராது.

"கீழ போய்ப் பார்க்கறேன்" என்றார்.

கீழே என்றால் நிஜமாகவே கீழே. பெரிய குழாய்களை நிற்க வைக்க இடம் போதாமல், ஹாலைக் கட்டின புண்ணியவான்கள் அவற்றைப் பார்வையாளர்களின் நாற்காலிகளுக்கு அடியில், பலகைத் தரைக்குக் கீழே படுக்கவைத்திருந்தார்கள். ஆர்கன் பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்துதான் போக வேண்டும். பெடல் மச்சானின் டிரம் குச்சி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து போனார்.

பீரோவைச் சாய்த்துப் போட்ட மாதிரி கிடந்தது குழாய். சிக்கின மூடியை டிரம் குச்சியால் மெல்ல நெம்பினார். அசையவில்லை. கொஞ்சம் பலமாக நெம்பினார். குச்சி முறிந்தது. முறிந்த துண்டு தெறித்துப் போய், பக்கத்துக் குழாயின் மூடியில் ஆப்பு அடித்த மாதிரி செருகிக்கொண்டது.

இப்போது இரண்டு குழாய்கள் உறுமின. அதுவும் சுதியில் ஒட்டியும் ஒட்டாமலும் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு. ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு, 'ங்வாங்... ங்வாங்... ங்வாங்...' என்று துடித்தன. தலைக்கு மேலே பலகைத் தரை கிடுகிடுத்தது. டார்ச் அவர் பல்லிலேயே தாளம் போட்டது.

மேலே வந்தார்.

"சரியாச்சா?" என்றாள் மனைவி.

"ரெண்டாச்சு."



"ஒரு யோசனை" என்றார் பெடல். "உறுமலை நிறுத்த முடியாது. நாமதான் அதுக்கு அடங்கிப் போகணும். பெரிய குழாயோட சுதியை ஆதாரமா வெச்சுக்குவோம். மொத்தப் படத்துக்கும் உள்ள பாட்டையெல்லாம் அந்தச் சுதிக்கு இறக்கிடுவோம். கேக்கறவங்களுக்கு வேணும்னே வெச்ச மாதிரி இருக்கும்."

"ரெண்டாவது குழாய்?"

"அது... மாப்ள டிரம்ல அமுங்கிடும். மாப்ள, கார்ப்பெட்டை உருவிப் போட்டுட்டு டிரம்மை வெறும் பலகையில வை. கை வலிக்கற வரைக்கும் அடி."

மச்சான் மெய்சிலிர்த்துப் போனான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனைச் சத்தமாக அடிக்கச் சொல்கிறார்கள்.

டிரம்பெட்காரர் மட்டும் கையை உயர்த்தினார். "எனக்குப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அது மட்டும்தான் வரும். சுதி மாத்தல்லாம் வராது."

"அப்ப என்ன செய்வீங்க?"

"பேப்பர்ல இருக்கறதை வாசிப்பேன்."

"அது மத்தவங்களோட சேராதே!"

"மத்தவங்க மாத்திக்கிட்டா அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?" பல்லைப் பிடுங்கும் முன் நோயாளிக்கு ஆறுதல் சொல்லும் குரலில் கேட்டார்.

மனைவி வயலினை மடியில் போட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி உறுமலோடு சேர்க்க ஆரம்பித்தாள். பக்கம் பக்கமாக அவள் பயிற்சி செய்ததெல்லாம் வீண்.

"அப்பா கடையில உங்களை உக்கார வெச்சுட்டு என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாதுங்க" என்றாள், தலை நிமிராமல். "அப்புறம் வீட்டுலயும் மெத்தையைப் பத்தியே பேசுவீங்க."

இந்த நேரத்தில்தான், படத்தைப் பரணிலிருந்து கண்டெடுத்த ஆவணக் காப்பக அம்மா ஓடிவந்தார். டப்பாக்களைத் தூக்கித் தூக்கி அவர் உடம்பிலேயே ஒரு துரு வாசனை இருக்கும்.

"நல்ல செய்தி! இன்னிக்குத்தான் படம் சரியான வேகத்துல ஓடப்போகுது!"

பெடல் மெதுவாகத் திரும்பினார். "அப்ப நாங்க பார்த்துப் பயிற்சி பண்ணின வீடியோ?"

"அது மெதுவா ஓடற காப்பி. தப்பான வேகம். உங்ககிட்ட சொல்லலையா நான்?"

"சொல்லல."

"இப்ப சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மகிழ்ச்சியாகத் திரும்பி ஓடினார்.

பெடலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் நின்றுபோனதைப் பார்த்து மனைவியே பயந்துவிட்டாள். கடைசி முயற்சியாக இன்னொரு தடவை தரைக்குக் கீழே போய், சட்டையைக் கழற்றிக் குழாயின் வாயில் திணித்துப் பார்த்தார். குழாய் சட்டையைத் துப்பியது. காலரில் ஒரு பாதி திரும்பி வரவில்லை.

தலைக்கு மேல் காலடிகள் கேட்டன. சங்கம் வந்துகொண்டிருந்தது. அவர் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தபோது விளக்குகள் அணைந்திருந்தன. ஹால் நிரம்பி வழிந்தது. ஒரு குசுகுசுப்பு இல்லை.

"சங்கம்னா சங்கம்தான்" என்று முனகினார். "எப்படி உக்காந்திருக்காங்க பாரு, பரீட்சை ஹால் மாதிரி."

படம் ஆரம்பித்தது.

கதை எளிமையானது. ஒரு தபால்காரன், கலங்கரை விளக்கக் காவலாளியின் மகளைக் காதலிக்கிறான். அப்பன்காரன் அவனைப் படியிலிருந்து உருட்டிவிடுகிறான். அப்புறம் கடல், புயல், கவிழ்ந்த படகு. பெண் துடுப்புப் போட்டுப் போய் அவனைத் தூக்கி வருகிறாள். கல்யாணம். வீடியோவில் நத்தை மாதிரி நடந்த தபால்காரன், இன்றைக்கு நாய் துரத்துகிற மாதிரி ஓடினான்.

பெடல் காதல் பாட்டை ஆரம்பிப்பதற்குள் காதல் முடிந்து, காதலன் படியில் உருண்டுகொண்டிருந்தான். உருள்வதற்கான இசைக்கு வருவதற்குள், உருண்டவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி காதலிக்கப் போய்விட்டான். காட்சி மாறும்போதெல்லாம் மனைவி பெடலின் கணுக்காலில் ஒரு உதை விட வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு உதைக்கு நடுவே மூச்சு விட நேரமில்லை. சில உதைகள் காட்சிக்காக விழுந்தவை அல்ல என்று அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்தது.

டிரம்பெட்காரர் பேப்பரில் இருந்ததை வாசித்தார். அழகாக, தெளிவாக, யாரோடும் சேராமல் வாசித்தார்.

கீழே குழாய்கள் 'ங்வாங்... ங்வாங்...' என்று துடித்துக்கொண்டே இருந்தன.

"மாமா!" டிரம் பக்கமிருந்து மச்சான் தலையை நீட்டினான். அவன் ஒருவன்தான் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "முன்வரிசையில ஒரு அம்மா செருப்பைக் கழட்டறாங்க."

"என்னது?"

"செருப்பு மாமா. கால்ல இருந்து கழட்டிட்டாங்க."

பெடலின் விரல்கள் தடுமாறின. "கையில எடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பக்கத்துல இருக்கற ஆளுகிட்ட காட்டறாங்க... ஐயோ, அவரும் ஷூவைக் கழட்டறாரு!"

"குனிஞ்சுக்கடா" என்றாள் மனைவி, வில்லை நிறுத்தாமல்.

கூட்டத்தைச் சாந்தப்படுத்த வேண்டும் என்று பெடல் சத்தத்தைக் குறைத்தார். மிருதுவாக, பயபக்தியாக வாசித்தார். அது பெரிய தப்பாகிப்போனது. மேலே சத்தம் குறையக் குறைய, கீழே இருந்த உறுமல் தனி ராஜாங்கம் நடத்த ஆரம்பித்தது. பலகைகள் அதிர்ந்தன. முன்வரிசை நாற்காலிகள் நடுங்குவது, பின்னால் பார்க்க ஆர்கன்மேல் மாட்டியிருந்த ஸ்கூட்டர் கண்ணாடியில் அவருக்கே தெரிந்தது.

"மூணாவது வரிசையும் கழட்டியாச்சு மாமா! ஒரு சின்னப் பாப்பாகூட!"

"பாப்பாவுமா?"

"பாப்பா ரெண்டையும் கழட்டிடுச்சு!"

பாப்பாவுக்கே பொறுக்கவில்லை என்றால் சங்கத் தலைவருக்கு எப்படி இருக்கும்? பெடல் கண்ணாடியைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்ன பெண்ணின் அப்பா மாதிரி ஒரு நிம்மதி அவர் முகத்தில். பக்கத்தில் தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டிருந்தார்.

திரையில் புயல் வந்தது. பெடலின் பேப்பரில் இன்னும் நிலாவெளிச்சம்தான் நடந்துகொண்டிருந்தது.

அவர் பேப்பர்களைத் திரட்டித் தரையில் போட்டார்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"போறதுன்னு ஆயிடுச்சும்மா. அடி வாங்கறதும் உறுதி. இதுதான் நான் இதுல வாசிக்கற கடைசிப் படம்னா, பயந்து பயந்து வாசிச்சேன்னு இருக்க வேண்டாம்." கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "மாப்ள! டிரம் கிழிஞ்சாலும் பரவாயில்ல!"

ஆர்கனில் சத்தத்தைக் கூட்டுவதற்கென்று இருந்த அத்தனை குமிழ்களையும் இழுத்துவிட்டார். இரண்டு காலாலும் மிதிகட்டைகளில் ஏறி ஓடினார். பஸ்ஸிலும் கட்டிலிலும் இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த ஓட்டம் அத்தனையும் ஓடினார். மச்சான் டிரம்மை அடித்தான் என்று சொன்னால் போதாது. அதோடு அவனுக்கு ஏதோ பழைய பகை இருந்தது. மனைவி எழுந்து நின்றே வாசித்தாள். டிரம்பெட்காரர்கூட பேப்பரை ஒரு தடவை பார்த்துவிட்டு, முதன்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டார். மேற்கூரையிலிருந்து காரை உதிர்ந்தது. திரையில் படகு கவிழ்ந்தது, பெண் துடுப்பைப் போட்டாள், தபால்காரன் கரையில் கண் விழித்தான், கல்யாணம் நடந்தது, 'முற்றும்' வந்தது.

பெடல் கட்டைகளிலிருந்து கைகால்களை எடுத்தார். 'ங்வாங்... ங்வாங்...' என்று உறுமல் மட்டும் தொடர்ந்தது. மனைவி போய் மோட்டாரை அணைத்தாள்.

அமைதி.

ஒரு கைதட்டல் இல்லை. ஒப்புக்குக்கூட இல்லை. விளக்குகள் எரிந்தன.

"மாமா" என்றான் மச்சான், குரல் வற்றி. "எல்லாரும் எழுந்துட்டாங்க."

பெடல் ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தார். மொத்த ஹாலும் வெறுங்காலோடு நின்றது. எல்லாருடைய கைகளும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தன. உயர்ந்த கைகள் அத்தனையும், வேண்டாம் வேண்டாம் என்பது போலப் படபடவென்று ஆடின.

"தெரிஞ்சு போச்சு" என்று அவர் உட்காரும் பலகைக்கு அடியில் புகுந்துகொண்டார். ஒரு நிமிஷத்தில் மனைவியும் வயலினை அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள். செருப்பு எதுவும் பறந்து வரவில்லை.

"அப்பாவுக்குப் போன் பண்ணவா?" என்று கேட்டாள், மெதுவாக.

"பண்ணு. அந்த நாற்காலிக்காவது ஒரு நல்ல மெத்தை போடச் சொல்லு."

வெகுநேரம் கழித்து இரண்டு ஷூக்கள் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மேனேஜருடையவை. அவர் முகம் உருகின ஐஸ்கிரீம் மாதிரி தொங்கியிருந்தது.

"வெளிய வாங்க சார். ஆர்கன் இருக்கட்டும்."

"என்ன?"

"இருக்கட்டும்னேன்! அவங்க செயலாளர் அம்மா மூலமா ரெண்டு தடவை கேட்டுட்டேன். ட்ரஸ்டிகள் முன்னாடியே கேட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாம ஆர்கன் வேணும்னுட்டாங்க." மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரெல்லாம் அலைஞ்சு, பார்த்துப் பார்த்துப் பிடிச்சுட்டு வந்தேன்யா அந்தச் சங்கத்தை. இவங்க எப்படியும் வேண்டாம்னுதானே சொல்லணும்? கழுத்தை அறுத்துட்டாங்க!"

தச்சரைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். பெடல் பலகைக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்து, அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மச்சான் மிச்சமிருந்த ஒற்றைக் குச்சிக்கு முத்தம் கொடுத்தான்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஆள், நாற்காலிகளை மடக்கிக்கொண்டே வந்தார்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்றார் பெடல் அவரைப் பிடித்துக்கொண்டு. "நான் வாசிச்சதுல ஒண்ணு ஒண்ணோட சேரல. பாப்பா உள்பட எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டாங்க. அப்புறம் எப்படிய்யா ஆர்கன் வேணும்னு சொன்னாங்க?"

டிக்கெட்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"காது கேக்காதவங்க சங்கம் சார் அது. தரை அதிர்றது உள்ளங்கால்ல நல்லா ஏறட்டும்னுதான் செருப்பைக் கழட்டினாங்க. கையை மேல தூக்கி ஆட்டினாங்களே, அதுதான் அவங்க கைதட்டல். அந்தக் குழாயை மட்டும் தயவுசெஞ்சு ரிப்பேர் பண்ணிடாதீங்கன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."